கால் நனைக்க அனுமதி

குல்யேரா கடற்கரை,
செவ்வாய்க்கிழமை மதியம்.

அன்புள்ள கசில்டாவுக்கு உன் கணவன் ஹெனாரோ எழுதிக்கொண்டது.

நான் நலம். நீயும் நலம் என்று தெரியும். நீலத் தொப்பி போட்டுக்கொண்டு உன் அக்காவோடு தர்பூசணி தின்றுகொண்டிருப்பது இங்கிருந்தே தெரிகிறது. திரும்பிப் பார்க்காதே! முதலில் இதை முழுக்கப் படி.

உன்னைத் தேடி வந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எலாடியோவுக்குக் கடல்காற்று படவேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். எந்த டாக்டர் என்று கேட்டால் முழிக்கிறான். "துணைக்கு வாடா, போற வழியில நாலு கடையில சாப்பிட்டுப் பாக்கலாம்" என்றான். சிநேகிதன் கூப்பிடும்போது எப்படி மறுப்பது? கோழிகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறேன். நீ போனதிலிருந்து அவை சரியாக முட்டையிடுவதில்லை.

ஜூன் மாதம் இங்கே வரப் பஸ் ஏறும்போது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "இத்தனை வருஷமா அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னே சொல்லிட்டிருக்க. நீ வந்து என் பக்கத்துல நின்னு கடல்ல காலை நனைக்கிற வரைக்கும் நான் வீட்டுக்கு வரமாட்டேன்." ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாய். பஸ் டிரைவர்கூடத் தலையாட்டினார். தப்பு என் மேல்தான் என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

எலாடியோவின் கறிக்கடை வேனில்தான் வந்தோம். அதன் வாசனை உனக்குத் தெரியுமே. நிறுத்திய இடமெல்லாம் நாய்கள் சூழ்ந்துகொண்டன. ரெக்கேனா ஊரில் ஒரு கறுப்பு நாய் உள்ளே ஏறிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. எலாடியோவோ வழியில் கண்ட சாப்பாட்டுக் கடையிலெல்லாம் புகுந்து சாசேஜைத் தின்றுவிட்டு, முதலாளியிடமே, "இதுக்குப் பேரு சாசேஜா? இந்தப் பன்னி வீணாச் செத்துருக்கே ஐயா!" என்பான். இரண்டு கடையில் தப்பித்து ஓடிவந்தோம். மூன்றாவது கடைக்காரர் அழுதேவிட்டார். அவரைத் தேற்ற எலாடியோ கடையிலிருந்து கொண்டுவந்த சாசேஜில் பாதியைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

விடியும் முன்னே குடை நட்டு இடம் பிடிக்காவிட்டால் இங்கே கடலைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாதாமே! எலாடியோ கடைவாசலில் வைக்கும் குடையையே தூக்கி வந்திருக்கிறான், பன்றிப் படம் போட்டது. அதை நீங்கள் இருட்டிலேயே நட்டுவிட்டுப் போயிருந்த குடைக்குப் பின்னால் நட்டோம். நீங்கள் வந்ததும் எழுந்து வரத்தான் இருந்தேன். அதற்குள் உன் அக்கா ஏதோ சொல்ல, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை காலமாயிற்று! இவள் இங்கேயே இருந்துவிடுவாளோ என்று பயந்துபோனேன் கசில்டா. பயம் வந்தால் எனக்குப் பசிக்கும், உனக்குத் தெரியாததா? உருளைக்கிழங்கு ஆம்லெட்டில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன்.

அதுதான் வினையாகிப் போனது. சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் தண்ணீரில் இறங்கக்கூடாது என்பது உன் சட்டம். நம் பிள்ளைகளை மட்டுமா, விருந்துக்கு வந்த பாதிரியாரையே கடிகாரத்தைக் காட்டி ஆற்றங்கரையில் உட்கார வைத்தவள் நீ. அதை மீறி உன் பக்கத்திலேயே வந்து நிற்க எனக்கென்ன பைத்தியமா? காத்திருந்தேன். நேரம் முடியப்போகும்போது மறுபடி பயம் வந்தது. ஒரு துண்டு சீஸ் தின்றேன். மறுபடி முதலிலிருந்து காத்திருக்க ஆரம்பித்தேன்.

"நீ திங்கிறதை நிறுத்தப் போறதில்ல, அவ திரும்பிப் பாக்கப் போறதில்ல. நான் இந்தப் பன்னிக்கடியில வெந்து சாகணுமாடா? எழுதிக் குடு, நானே கொண்டுபோய்த் தரேன்!" என்று எலாடியோ கத்திவிட்டான். சாப்பாட்டுக் கூடையையும் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

வேறு காகிதம் இல்லாததால் கறி கட்டும் காகிதத்தில் எழுதுகிறேன். அங்கங்கே ஈரம் இருந்தால் அது கொழுப்பு. வேறெதுவும் நினைத்துக்கொள்ளாதே.

நீ ஒன்று மட்டும் சொல். கணுக்கால் வரைக்கும் நனைத்துக்கொள்ள உன் சட்டத்தில் இடமுண்டா? உண்டென்றால் எழுந்து தண்ணீர் ஓரமாக வந்து நில். நான் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருக்கிறேன். கூடாது என்றால் இல்லையென்று தலையை ஆட்டு, போதும். இன்னும் இரண்டு மணி நேரம் ஒன்றுமே தின்னாமல் இங்கேயே இருப்பேன். வேண்டுமானால் அடுத்த வருஷம் வரைக்கும் இருப்பேன்.

உன் சிரிப்புக்கு ஒரு குறையும் வராமல் ஆண்டவர் காக்கட்டும். இப்போது திரும்பிப் பார்.

பன்றிக் குடையின் கீழ் இருக்கும்
உன் ஹெனாரோ