தீவுக்குப் போகட்டுமா என்று கேட்கிறாள் உன் மகள்

என் வசந்தாவுக்கு,

வண்டியில் ஏறினாலும் தலை சுற்றாத ஊரில் இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று பிச்சாவரத்தில், தண்ணீருக்கு நடுவே, துடுப்புப் படகில் உட்கார்ந்துகொண்டு நான் பிரேக் அடித்தேன். இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்த குறுகலான வாய்க்கால் அது. திருப்பத்தில் திடீரென்று எதிர்ப் படகு ஒன்று வந்தது. என் வலது கால் என்னைக் கேட்காமலே ஓங்கி மிதித்தது. மிதித்த இடத்தில் படகுக்காரரின் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. மூடி எகிறி, மீன் குழம்பு முழுக்க என் வேட்டியில்.

படகுக்காரர் துடுப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஐயா, இதுக்கு பிரேக்கெல்லாம் கெடையாதுங்க. நாந்தான் பிரேக்கு" என்றார். எதிர்ப் படகில் இருந்த அம்மா முதலில் பயந்து, பிறகு சிரித்து, அதற்கும் பிறகு போனை எடுத்து என்னைப் படம் பிடித்தார். நம் சத்யாவும் சிரித்தாள். நீ போன பிறகு அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். வேட்டி போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். படகுக்காரருக்குக் கரையில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். குழம்பு தன் வீட்டுக் குழம்பு மாதிரி இல்லை என்று அதற்கும் குறை சொன்னார்.

பிச்சாவரத்துக்கு நான் எப்படிப் போனேன் என்று கேட்பாய். உன் தலைத் திவசம் போன மாதம் முடிந்தது. ஒரு வருஷம் கோயில், மலை என்று எங்கும் போகாமல் செந்துறை வீட்டிலேயே கிடந்தேன். கண்ணில் புரை வந்ததிலிருந்து வண்டியும் ஓட்டுவதில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதில் இவ்வளவு அலுப்பு உண்டு என்று எனக்கு முன்னால் தெரியாது. சும்மா உட்கார்ந்தவன் சாயங்காலம் லோடு இறக்கியவன் மாதிரி படுக்கிறேன். இந்தக் கோலத்தில் சனிக்கிழமை காலை, திருச்சியிலிருந்து தோழியின் காரை வாங்கிக்கொண்டு சத்யா வந்து நின்றாள். ரெண்டு நாள் ஊர் சுற்றிவிட்டு வரலாம், கிளம்புங்கள் என்றாள்.

முப்பது வருஷம் டூரிஸ்ட் கார் ஓட்டியவன், நான் சுற்றாத ஊரா என்றேன்.

"நீங்க எங்கப்பா சுத்துனீங்க? வண்டில்ல சுத்துச்சு" என்றாள்.

உன் வாய் அப்படியே வந்திருக்கிறது. அவள் சொன்னதும் உண்மைதான். ஜனங்கள் இறங்கிப் போவார்கள். நான் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடுவேன். எந்த ஊரில் எந்த மரத்தடியில் மதியம் மூன்று மணிவரை நிழல் இருக்கும், எங்கே டீ நன்றாக இருக்கும், இதுதான் எனக்குத் தெரிந்த சரித்திரமும் பூகோளமும். நீயோ பஸ்ஸில் அரியலூர் போவதற்குள் எலுமிச்சம்பழத்தை மோந்து மோந்து தோலைத் தேய்த்துவிடுவாய். டிரைவர் பெண்டாட்டிக்கு வண்டி ஆகாது என்று கார் ஸ்டாண்டே சிரித்தது. அதனால்தான் ஒவ்வொரு சவாரி முடிந்து வந்ததும் உன்னிடம் ஊர்க்கதை சொல்வேன். "உங்ககிட்ட கேட்டா டீக்கடையத்தான் சொல்லுவீங்க" என்று சலித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாய். இந்தத் தடவை வண்டியை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன், வசந்தா. சொல்வதற்கு ஆள்தான் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அரியலூர் தாண்டுவதற்குள்ளேயே அவள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அந்தமானில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறதாம். மூன்று வருஷம். இப்போது வாங்குவதைவிட நல்ல சம்பளம், தங்க இடம், பெரிய பிரிவில் வேலை கற்றுக்கொள்ளலாம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "தீவாந்திரத்துக்கா? நீ என்ன புள்ள கொலையா பண்ணிட்ட?" என் காலத்தில் தப்புப் பண்ணினவனைத்தான் அங்கே அனுப்புவதாகச் சொல்லி எங்களை மிரட்டுவார்கள். அவள் சிரிக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "நீங்க வேணாம்னா வேணாம்னு சொல்லிடுவேன்பா. மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன்" என்றாள்.

அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. சண்டை போட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறவளிடம் என்ன செய்வது? பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அப்புறம் பார்த்த இடமெல்லாம் அந்தக் கேள்வியோடுதான் பார்த்தேன்.

முதலில் பெரம்பலூர்ப் பக்கம் காரை என்ற ஊர். கல்லையும் களிமண்ணையும் மழை அறுத்துப் போட்ட பள்ளத்தாக்கு. யானைக் கூட்டம் முதுகைக் காட்டிப் படுத்திருப்பது போல மேடு மேடாக, கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஒரு மரம் இல்லை. ஏன் இங்கே எனக்குச் சவாரி வந்தும் ஞாபகமில்லை என்பது புரிந்தது. நிழல் இல்லாத ஊர் என் மண்டையில் ஏறாது. சத்யா குனிந்து ஒரு சிப்பியை எடுத்தாள், கல்லாகிப் போன சிப்பி. பல கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்ததாம்.

நான் விடவில்லை. அப்படியானால் கடல் தானாக வந்து தானாகப் போயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் திரும்ப வரும், அதைத் தேடி அவ்வளவு தூரம் போவானேன் என்றேன். அதற்குள் எனக்கு ரிட்டயர்மெண்ட் வந்துவிடும் என்றாள்.

எனக்கு வேறொன்று தோன்றியது. ரெட்டிபாளையம் பக்கம் வெட்டி எடுத்து லாரி லாரியாக சிமெண்ட்டுக்குப் போகும் சுண்ணாம்புக் கல்லும் அந்தக் கடலடி மண்தானாம். அப்படியானால் நம் வீட்டுச் சுவரிலும் அது இருக்கிறது. கடலையே பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அதில் முதுகைச் சாய்த்துத்தான் இத்தனை வருஷம் முருங்கைக்கீரை ஆய்ந்திருக்கிறாய்.

அங்கிருந்து சாத்தனூர். பெயரைக் கேட்டதும் நீ சிரித்திருப்பாய். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைச் சாத்தனூர் என்றதும் நேராகத் திருவண்ணாமலைப் பக்கத்தில் முதலைப் பண்ணை உள்ள சாத்தனூர் அணைக்கு ஓட்டிக்கொண்டு போனேனே, அவர்கள் பார்க்க வந்தது பெரம்பலூர்ச் சாத்தனூரில் இருக்கிற கல்மரத்தை. "கல்லப் பாக்க வந்தவங்களுக்கு மொதலையக் காட்டிட்டு வந்திருக்காரு" என்று ஒரு மாதம் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாய். இப்போது ஒருவழியாகக் கல்மரத்தைப் பார்த்துவிட்டேன். பெரிய அடிமரம், அப்படியே கல்லாகி, சாய்ந்த இடத்திலேயே நீளமாகக் கிடக்கிறது. சுற்றிலும் கம்பிவேலி. சத்யா மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி மரத்தைப் பார்த்தாள்.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்லப்பா."

ஒன்றுமில்லாமலா பார்த்தாள்?

ரஞ்சன்குடிக் கோட்டையில் பாதிப் படியிலேயே முட்டி மறுத்துவிட்டது. அவள் மட்டும் மேலே போனாள். நான் ஒரு சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சியிலிருந்து கையை ஆட்டினாள். என் புரைக் கண்ணுக்கு அவள் ஒரு சுண்டுவிரல் அளவு நிறம், அவ்வளவுதான். சுடிதாரின் மஞ்சளை வைத்துத்தான் அவள் என்று கண்டுகொண்டேன். இந்தத் தூரத்துக்கே இப்படி என்றால் கடலுக்கு அந்தப் பக்கம்?

மறுநாள் ஞாயிறு, கங்கைகொண்டசோழபுரம். அங்கே என் வண்டி நின்றதற்குக் கணக்கே இல்லை. உள்ளே கோயில் இத்தனை பெரிசு என்பது மட்டும் எனக்குப் புதுச் செய்தி. அந்த நந்தி முன்னால் நான் நின்றது, அதன் குளம்புக்குப் பக்கத்தில் ஒரு எறும்பு நின்ற மாதிரி இருந்தது. வெளியே வந்தால், என் பழைய இடத்தில், என் பழைய மரத்தடியில், ஒரு டிரைவர் ஜன்னலுக்கு வெளியே காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். செருப்புச் சத்தம் கேட்டு முழித்து, "வண்டி வேணுங்களா சார்?" என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவரை இறங்கச் சொல்லிவிட்டு அந்த சீட்டில் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. பார்ப்பதும் ஒரு வேலைதான், வசந்தா. நடந்து, நிமிர்ந்து, வாயைப் பிளந்து, என்னமாய் உடம்பு வலிக்கிறது. இவ்வளவு பேரும் காசு கொடுத்து இதையா செய்துகொண்டிருந்தார்கள்?

ஒரு காலத்தில் அது தலைநகரம், இப்போது நாலு தெரு உள்ள கிராமம். அங்கே இருந்த ராஜா கப்பல் விட்டுக் கடல் தாண்டிப் போனவராம். சத்யா இதை வேண்டுமென்றே சொன்னாள். அவர் அப்பனிடம் கேட்டுக்கொண்டா போனார் என்றேன். அவர் ராஜா, நான் நர்ஸ், கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்றாள். போய்க் காரில் ஏறிக்கொண்டேன்.

பிச்சாவரத்துக்கு மதியம் போய்ச் சேர்ந்தோம். பிரேக் கதைதான் சொல்லிவிட்டேனே. அதற்கப்புறம் வாய்க்கால் அகன்று திறந்த தண்ணீராக விரிந்தது. அங்கங்கே குட்டிக் குட்டித் தீவுகள். தீவு என்றால் மண்கூட இல்லை, வேரை விரல் விரலாக ஊன்றிக்கொண்டு மரங்கள்தான் நிற்கின்றன. ஒரு கொக்கு எங்களைப் பார்த்தும் நகரவில்லை. துடுப்புச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. சத்யா என் வேட்டிக் கறையைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"யோசிச்சீங்களாப்பா?"

எனக்கு வேறு பாஷை தெரியாது, ஸ்டாண்டு பாஷைதான் வந்தது. "டிராப்பா, வெயிட்டிங்கா?" என்றேன்.

உனக்கும் அவளுக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். ஆளை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பினால் அது டிராப். உள்ளே போனவர் வரும்வரை வாசலில் நின்று, கூட்டிக்கொண்டு திரும்பினால் அது வெயிட்டிங்.

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "வெயிட்டிங்தான்பா. மூணு வருஷம். முடிஞ்சதும் வந்துடுவேன்" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்.

வெயிட்டிங் என்று சொல்லி ஏறுகிறவர்களில் யார் திரும்பி வருவார்கள், யார் பாதியில் போன் பண்ணி நீங்கள் கிளம்புங்கள் என்பார்கள் என்று அவர்கள் இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாது, அவ்வளவுதான். அங்கே வேலை பிடிக்கும், ஆட்கள் பழகுவார்கள், ஒரு பையனைப் பிடிக்கும். அதெல்லாம் நடக்க வேண்டியதும்தானே?

இன்னொன்றும் எனக்குத் தெரியும். வெயிட்டிங் போட்டுப் போகிறவர்கள் எதையும் நிதானமாகப் பார்க்க மாட்டார்கள். வெளியே ஒருத்தன் காத்துக்கிடக்கிறான் என்று வாட்சைப் பார்த்துப் பார்த்து, கர்ப்பகிரகத்துக்கு முன்னால் நின்றுகூட அவசர அவசரமாகக் கும்பிட்டுவிட்டு ஓடி வருவார்கள். என் பிள்ளை அப்படி மூன்று வருஷம் இருக்க வேண்டுமா? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

"டிராப்னே வச்சுக்க புள்ள. போய் நெதானமாப் பாரு."

"அப்ப நீங்க?"

"டிராப் முடிஞ்சா டிரைவர் என்னா பண்ணுவான்? ஒரு டீயக் குடிச்சிட்டு வூடு வந்து சேருவான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. படகுக்காரர் துடுப்பைத் தண்ணீரில் வைத்தபடியே, எங்களைப் பார்க்காமல், அந்தக் கொக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

இன்று காலை திருச்சிக்குப் போய்விட்டாள். வருவதாகப் பதில் அனுப்பிவிட்டேன் என்று மதியம் போன் செய்தாள். நல்லது என்றேன். வைத்த பிறகு சோற்றைப் போட்டு உட்கார்ந்தேன், பாதிதான் இறங்கியது. உடம்பு முழுக்க வலி, இரண்டு நாள் நடந்த வலிதான். நாளைக்கும் எழுந்திருக்க வேண்டுமே என்பதுதான் கொஞ்சம் அலுப்பாக இருக்கிறது. எழுந்துவிடுவேன். நீ கவலைப்படாதே.

உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். அவள் கப்பலோ பிளேனோ ஏறுவதற்கு முன்னால் இந்தக் கண் ஆபரேஷனைச் செய்துகொள்கிறேன். வழியனுப்பும்போது அவள் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு பேச்சுக்காகச் சொல்லவில்லை, டாக்டரிடம் கேட்டுவிட்டேன்.

மற்றபடி, படகில் அவளிடம் வாயைத் திறந்து சொல்லாதது ஒன்று உண்டு. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நான் வண்டியைத் திருப்பவில்லை, வசந்தா. வெயிட்டிங்கில்தான் இருக்கிறேன்.

உனக்கு வீட்டுக்காரன், சத்யாவுக்கு அப்பன்,
சேகர்
செந்துறை