ஏழாம் இருக்கை

ஞாயிறு, மதியம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அப்படி எழுதாவிட்டால் மேற்கொண்டு படிப்பதற்குள் நீ பயந்துவிடுவாய் என்பதால் அதை முதலில் எழுதிவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதை, அவருக்கு என்ன தெரியும் என்று சொல்லிக்கொண்டே ஏறுகிறாள்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று சிரிக்காதே. இதைக் கொண்டுவந்து கொடுப்பவள் என்னோடு பள்ளியில் படித்தவள். மகளைப் பார்க்க செவ்வாய்க்கிழமை உன் ஊருக்குக் கிளம்புகிறாள். புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். எங்கள் அழைப்புகளை எந்த அறையில் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தினமும் அலுவலகத்தில் தண்ணீர் பிடிக்க அந்த அறையைத் தாண்டித்தான் போகிறேன்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் புகார்ப் பிரிவில் வேலை செய்யவில்லை. நான்கு வருடத்துக்கு முன்பே என்னை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள். இணைய இணைப்பு விற்கும் நிறுவனத்துக்கு இணைப்புக் கொடுப்பது மட்டும் வேலையில்லை, அரசுத் துறை மூடச் சொல்லும் பக்கங்களை மூடுவதும் வேலைதான். மூன்றாம் மாடியில் அதற்கென்றே ஓர் அறை இருக்கிறது. எட்டு இருக்கைகள், எட்டு கணினிகள். காலையில் உத்தரவுகள் தாளில் வரும். ஒருவர் முகவரிகளை வாசிக்க, இருக்கையில் இருப்பவர் கணினியில் ஏற்றுவார். ஏற்றிய நிமிடத்திலிருந்து எங்கள் இணைப்பு வைத்திருக்கும் யாருக்கும் அந்தப் பக்கம் திறக்காது. உங்கள் இணைய மன்றத்தில் நீ 'கத்திரிக்கோல் கும்பல்' என்று எழுதுவாயே, அந்தக் கும்பலில் உன் அக்காவும் ஒருத்தி.

கோபம் வருகிறதா? வரட்டும். ஆனால் படிப்பதை நிறுத்தாதே.

மன்றத்தில் நீ 'சுத்தியல்' என்ற பெயரில் எழுதுவதை எல்லாம் நான் படிக்கிறேன். நீதான் அந்தப் பெயரை எனக்குச் சொன்னாய். நன்றாக எழுதுகிறாய், சில நேரம் பெருமையாகக்கூட இருக்கும். போன மாதம் அந்தக் குடிநீர்க் கட்டுரை மூடப்பட்டதைப் பற்றி நீ தொடங்கிய விவாதத்துக்கு நானூறு பதில்கள். பெயரை வைத்து மூடினார்களா, எண்ணை வைத்து மூடினார்களா என்று ஐம்பது பேர் அடித்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு புண்ணியவான் எந்த இயங்குதளம் உசத்தி என்று ஆரம்பித்து, எண்பது பதில்கள் அந்தப் பக்கம் ஓடிவிட்டன. அதைப் படித்து நான் சிரித்தேன். அப்புறம் நீ போட்ட படத்தைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

அன்று நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

காலையில் நாற்பது முகவரிகள் வந்தன. ஏழாம் இருக்கை எங்கள் அறையில் மூத்தவருடையது. நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி வைத்திருப்பதால் 'இரட்டைக் கண்ணாடி' என்று கூப்பிடுவோம். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். கண் அறுவை சிகிச்சை முடிந்து வந்ததிலிருந்து திரையைப் பார்த்தால் அவருக்குக் கண்ணில் நீர் கொட்டுகிறது. அதனால் மேலதிகாரிக்குத் தெரியாமல் நாங்கள் இடம் மாறிக்கொண்டோம். அவர் தாளைப் பார்த்து வாசிப்பார், நான் அவருடைய இருக்கையில் உட்கார்ந்து ஏற்றுவேன். வருகைத் தாளில் மட்டும் பழையபடி எழுதுவோம்.

அந்த நாற்பதில் ஒன்றுதான் குடிநீர்ப் பரிசோதனை முடிவுகளை மாற்றி எழுதினார்கள் என்ற கட்டுரை. அதைத் தளத்தின் பெயரை வைத்து இல்லாமல், அது இருக்கும் கணினியின் எண் முகவரியை வைத்து மூடச் சொன்னார்கள். அப்படி மூடுவதற்கு முன்னால், அதே எண்ணில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று பார்த்து, திரையில் அதற்கான கட்டத்தில் எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். ஒன்றுக்கு மேல் இருந்தால் உத்தரவைத் திருப்பி அனுப்ப வேண்டும். அன்று அதற்கு முன் ஏற்றியவை எல்லாமே ஒற்றையாக இருந்தன. கை பழக்கத்தில் இதற்கும் 'ஒன்று' என்று அடித்துவிட்டது. நான் பார்க்கவே இல்லை. அந்த எண்ணில் முந்நூறு தளங்கள் இருந்தன. ஒரு வீட்டைப் பூட்டச் சொன்னதற்கு அடுக்குமாடியின் வாசல் கேட்டையே பூட்டிவிட்டேன். அந்த முந்நூறில் ஒன்று இரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல்.

பத்தரை மணிக்குப் புகார்ப் பிரிவிலிருந்து பழைய தோழி மேலே வந்தாள். மருத்துவமனை வராந்தாவிலிருந்து ஒருவர் மூன்று தடவை கூப்பிட்டாராம். மனைவிக்கு அறுவை சிகிச்சை, கிடைக்காத வகை இரத்தம், அந்தப் பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது என்று அழுதாராம். நான் மேலதிகாரியிடம் ஓடினேன். தடையை நீக்க வேண்டுமென்றால் துறைக்கு எழுத வேண்டும், பதில் வர இரண்டு நாள் ஆகும், எழுத்து உத்தரவு இல்லாமல் தொட்டால் சிறை என்றார். அவர் கெட்டவர் இல்லை. விதியைச் சொன்னார். எழுதிப் போட்டோம். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரைக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் ஏழாம் இருக்கையில் உட்கார்ந்து தடையை எடுத்துவிட்டேன்.

இரட்டைக் கண்ணாடி முதலில் திரும்பி வந்தார். திரையில் உத்தரவு எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைக் குனிந்து பார்த்தார். மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றினார். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "போய்ச் சாப்பிடு, நான் இங்க இருக்கேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

நாற்பது நிமிடத்தில் மேலதிகாரி கவனித்துத் திரும்ப மூடினார். இயந்திரக் கோளாறு என்று துறைக்கு எழுதினார். அவர்களும் கிட்டத்தட்ட நம்பிவிட்டார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் கட்டுரையை ஆயிரம் பேர் நகல் எடுத்துவிட்டார்கள். நீயும் எடுத்திருப்பாய். வராந்தாவில் நின்றவருக்கு இரத்தம் கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் மறுபடி கூப்பிடவில்லை. அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்புறம்தான் நீ வந்தாய். நிறுவனம் வெளியிடும் பொதுப் பட்டியலை வரி வரியாகப் பார்த்து, தடை நீக்கத்துக்கு எதிரே உத்தரவு எண் இல்லை என்று கண்டுபிடித்தாய். இருக்கை எண் ஏழு என்று சிவப்பு வட்டம் போட்டுப் படம் போட்டாய். இது பொறி, யார் வந்து நகல் எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளத்தான் வேண்டுமென்றே நாற்பது நிமிடம் திறந்தார்கள், ஏழாம் இருக்கைக்காரன் ஒரு வேட்டைக்காரன் என்று எழுதினாய். நானூறு பேர் கைதட்டினார்கள்.

மறுநாள் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கோப்பைத் திறந்து ஒரு தாளை மேசைமேல் வைத்தார். உன் படம்தான் தம்பி, சிவப்பு வட்டத்தோடு. இயந்திரக் கோளாறு என்ற கதை அன்றோடு முடிந்தது. துறைக்குத் தெரியாததை நீ தெரிய வைத்தாய்.

அன்று பணியில் இருந்த ஆறு பேரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். வருகைத் தாளைக் காணவில்லை. யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். ஏழில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டதற்கு, இடம் மாறி மாறி உட்காருவோம், நினைவில்லை என்று ஆறு பேரும் ஒன்றுபோல் சொன்னோம். பேசி வைத்துக்கொண்டு சொல்லவில்லை. சண்டைக்காரி என்று நான் மூன்று வருடமாகப் பேசாமல் இருந்தவளும் அதையேதான் சொன்னாள். முப்பது நாளுக்குள் ஆள் யாரென்று தெரியாவிட்டால் விசாரணையை மூடிவிட வேண்டும் என்பது விதி. முப்பதாவது நாள் வருகிற சனிக்கிழமை.

நீயோ, ஏழாம் இருக்கைக்காரன் யாரென்று எங்கள் நிறுவனத்தில் வேலையை விட்டுப்போன ஒருவர் சொல்லிவிட்டார், வெள்ளிக்கிழமை காலை பெயரும் புகைப்படமும் போடுகிறேன் என்று அறிவித்திருக்கிறாய். 'இரண்டு கண்ணாடி போட்டும் மனிதர்கள் கண்ணுக்குத் தெரியாதவர்' என்று ஒரு குறிப்பும் கொடுத்திருக்கிறாய். அதற்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள்.

அம்மா எழுந்துவிட்டாள். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

திங்கள், மாலை

இன்று அந்த அதிகாரி மறுபடி வந்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே எங்கள் ஆறு பேரையும் பார்த்து, "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. வெள்ளிக்கிழமை அவங்களே பேரைக் கொடுத்துடுவாங்க. நமக்கு அலைச்சல் மிச்சம்" என்றார். தேநீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

டேய், புரிகிறதா உனக்கு? அவர்கள் உங்கள் மன்றத்தை மூடாமல் வைத்திருப்பது உங்களுக்குப் பயந்து இல்லை. நீங்கள் சம்பளம் வாங்காமல் அவர்களுக்கு வேலை செய்கிறீர்கள்.

சாயங்காலம் படிக்கட்டில் இரட்டைக் கண்ணாடியை நிறுத்தி, நான் போய் ஒப்புக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவருக்கு முதல்முறையாகக் கோபம் வந்து பார்த்தேன். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ். உனக்கு இருபது வருஷம் இருக்கு. பேசாம இரு" என்றார். நான் இப்போது ஒப்புக்கொண்டால் நினைவில்லை என்று சொன்ன மற்ற நாலு பேரும் பொய்சாட்சி சொன்னவர்கள் ஆவார்கள், அவர்களையும் சேர்த்து இழுக்க வேண்டாம் என்றார். கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கிப் போனார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் உன்னிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறக்காததற்கு அந்த நியாயம் மட்டும் காரணம் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. சிறை என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து வாசலில் வண்டி நின்றால் ஜன்னலுக்கு ஓடுகிறேன். அன்று அந்த இருக்கையில் போய் உட்கார்ந்த தைரியம் எங்கிருந்து வந்தது, இப்போது எங்கே போனது என்று தெரியவில்லை.

அந்தத் தடைப் பட்டியலில் நான்கு வருடமாக நான் ஏற்றியவை எத்தனை ஆயிரம் இருக்கும். அதற்கெல்லாம் என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வேலையை ஏன் விடவில்லை என்று கேட்பாய். ஏதோ ஒரு நாள் விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நான்கு வருடம் ஓடிவிட்டது. ஆனால் ஏழாம் இருக்கைக்காரர் வேட்டைக்காரர் என்று மட்டும் எழுதாதே. அவர் செய்த ஒரே குற்றம் என்னைச் சாப்பிட அனுப்பியது.

உனக்கு இது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். நானூறு பேர் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கிறார்கள். சுத்தியல் பின்வாங்கிவிட்டான், விலைபோய்விட்டான் என்பார்கள். காரணத்தையும் உன்னால் சொல்ல முடியாது. ஏழு வருடமாகச் சேர்த்த பெயர் ஒரே காலையில் போய்விடும். தப்பாகச் சொல்லிவிட்டேன், ஆதாரம் போதவில்லை என்று மட்டும் எழுதிவிட்டு ஒரு நாள் திட்டு வாங்கிக்கொள். ஒரே ஒரு நாள்தான். சனிக்கிழமை விசாரணை மூடிவிடும்.

அதுவும் முடியாது, ஒரு முகத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று கூட்டம் உன்னை நெருக்கினால், அவருடைய படத்தைப் போடாதே. உன் பட்டமளிப்பு அன்று நாம் இருவரும் எடுத்துக்கொண்ட படம் உன்னிடம் இருக்கும். அதில் உன்னை வெட்டி எடுத்துவிட்டு என்னைப் போடு. நான் உன்மேல் வருத்தப்பட மாட்டேன். அம்மா கேட்டால் மட்டும், அக்கா சொல்லித்தான் செய்தேன் என்று சொல்லிவிடு. அவள் உன்னை வெறுத்துவிடக் கூடாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

மாறாத அன்புடன்,
அக்கா