கடலில் நிறுத்திய கதை

திங்கள், அக்டோபர் 22, 1956

காலையில் தூறல், பிறகு வெயில், மறுபடி தூறல். கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மூன்றாம் வகுப்பை நான்காம் வகுப்போடு நெருக்கி உட்கார வைத்தேன். கிள்ளிக்கொண்டார்கள்.

புத்தகப் பெட்டி வந்தது. செங்கல்பட்டிலிருந்து பஸ் கூரைமேல், கடப்பாக்கத்திலிருந்து இங்கே குப்பத்துக்கு மாட்டுவண்டியில். தகரப் பெட்டிதான், இருந்தும் மேல் வரிசை முழுக்க ஈரம். வகுப்பறையில் கயிறு கட்டிக் காயப்போட்டேன். சாப்பாடு கொண்டுவந்த நூர்ஜஹானுக்குச் சிரிப்பு. "வெளிய கருவாடு காயுது, உள்ள புக்கு காயுது." என் மனைவிக்கு இதுதான் சொந்த ஊர்ப்பக்கம். நான் ஜூனில் மாற்றலாகி வந்தவன். இன்னும் மணலில் ஒழுங்காக நடக்க வரவில்லை.

இன்ஸ்பெக்டர் உத்தரவு: பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும் புத்தகங்களைப் பொறுக்கி வகுப்பு அலமாரியில் வைத்துக்கொள்ளவும். மிச்சத்தை அடுத்த திங்கள் கருங்குழிப் பள்ளிக்கு அனுப்பவும்.

அலமாரி எங்கே? அதை உத்தரவில் எழுதவில்லை.

செவ்வாய், 23

நல்ல வெயில். புத்தகங்கள் காய்ந்து முறுக்கு மாதிரி வளைந்துவிட்டன.

வகுப்பில் வாசித்துப் பார்த்தேன். என் சோதனை எளிது. எந்தப் புத்தகத்துக்கு மூக்கு நோண்டுவது நிற்கிறதோ அது தேறியது.

முயல் குடும்பம்: தேறியது. முயலை யார் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். சவுக்குத் தோப்பில் நிறைய உண்டாம்.

பனி தேசத்துச் சிறுவன்: "சார், ஐஸ் மேல இன்னாத்துக்கு வூடு கட்றான்?" பதில் தெரியவில்லை. தேறவில்லை.

நல்ல பழக்கங்கள் பற்றி ஒன்று: நானே கொட்டாவி விட்டேன்.

ரயில்: தேறியது. இரண்டாம் வகுப்பு மத்தியானம் வரை கூவிக்கொண்டே இருந்தது. இனி வெள்ளிக்கிழமை மட்டும் எடுக்க வேண்டும்.

பச்சையம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு படித்தேன். நான்காம் வகுப்பு. நான் படிக்கப் படிக்க வரியின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வருவாள். இந்தக் குப்பத்தில் தடங்கல் இல்லாமல் அச்சுப் படிக்க அவள் ஒருத்திக்குத்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பெரியவர்கள் யாருக்கும் எழுத்து தெரியாது.

அச்சில் உள்ளதை மாற்றிப் படிக்கக் கூடாது என்பது என் கட்சி. பிள்ளைக்கு எழுத்தின்மேல் நம்பிக்கை வருவது அப்படித்தான். பெயருக்கு மட்டும் விதிவிலக்கு. கதையில் வரும் பையனின் பெயரை எடுத்துவிட்டு வகுப்பிலுள்ள ஒரு பெயரைப் போடுவேன். பயிற்சிப் பள்ளியில் கற்றது. உடனே நிமிர்ந்து உட்காருவார்கள்.

புதன், 24

மூட்டம். காற்றே இல்லை. வியர்வை.

இன்று கடல் புத்தகம். அட்டையில் கட்டுமரம், அதில் நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒருவன். இன்ஸ்பெக்டர் முன்பே நீலப் பென்சிலால் எழுதியிருந்தார்: 'கடலோரப் பள்ளிக்கு மிகவும் ஏற்றது.' சரி, அவரே சொல்லிவிட்டார் என்று நான் வீட்டில் முன்கூட்டிப் படிக்கவில்லை. எப்போதும் படிப்பேன். இன்று படிக்கவில்லை.

கதாநாயகன் வளர்ந்த ஆள். பிள்ளை பெயர் பொருந்தாது. சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினேன். பச்சையம்மா, தகப்பன் பெயர் ஏழுமலை. போட்டேன்.

"ஏழுமலை விடியலில் கட்டுமரத்தைத் தள்ளினான். ஏழுமலையும் அவன் கூட்டாளியும் துடுப்புப் போட்டார்கள். வானம் கறுத்தது."

ஒரு பிள்ளை அசையவில்லை. ஒரு விரல் மூக்குக்குப் போகவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வகுப்பு அமைந்ததில்லை. உற்சாகமாகிக் குரலை ஏற்றினேன். மலைபோல் ஓர் அலை எழுந்து ஏழுமலையின் தலைக்குமேல் நின்றது.

அப்போதுதான் கவனித்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. கடல் பக்கத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் உட்பட. பச்சையம்மா மட்டும் விரலை வரியில் வைத்தபடி நின்றாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "சார், அவரு கடல்ல கீறாரு."

"யாரு?"

மழை அடித்து இறங்கிவிட்டது. கூரை ஒழுகி புத்தகம் நனையப் பார்த்தது. அந்த அலையோடு மூடிவிட்டு மணியடித்து அனுப்பினேன். கத்திக்கொண்டு ஓடுகிற கூட்டம் இன்று வரிசையாக நடந்து போயிற்று.

சாயந்திரம் நூர்ஜஹானிடம் பெருமையாகச் சொன்னேன். குழம்பு ஊற்றிய கை நின்றது.

"கடலுக்குப் போனவங்க திரும்பற வரைக்கும் கரையில யாரும் அவங்க பேர சொல்ல மாட்டாங்க. பெத்தவகூட சொல்ல மாட்டா."

"ஏன்?"

"கடல் காதுல வுழும்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அதுவும் நடுவுல நிறுத்திட்டு வந்துகீறீங்க."

வியாழன், 25

விடியலிலிருந்து வாடைக்காற்று. மணல் பறந்து கண்ணில் விழுகிறது. கட்டுமரங்கள் எல்லாம் கரையில்.

ஒன்றைத் தவிர. ஏழுமலையும் அவன் கூட்டாளியும் நேற்றுப் போனது. இன்னும் திரும்பவில்லை.

பச்சையம்மா பள்ளிக்கு வந்தாள். வீட்டுக்குப் போம்மா என்றேன். "வூட்ல எல்லாரும் பேசாம குந்திகினு கீறாங்க சார். இங்கயே இருக்கேன்." பலகையில் எதையோ எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் புத்தகத்தை எடுத்துக் கடைசிவரை படித்தேன். கதாநாயகன் தனக்குக் கிடைத்த பலகையில் கூட்டாளியை ஏற்றிவிட்டுத் தான் மூழ்கிவிடுகிறான். ஊர் அவன் நினைவாக விளக்கேற்றுகிறது. ஓரத்தில் நீலப் பென்சில்: 'தியாகம்!'

புத்தகத்தை மூடிக் கவிழ்த்து வைத்தேன்.

மத்தியானம் வேலி ஓரம் பெண்கள். முன்னால் பச்சையம்மாவின் தாய் எல்லம்மா.

"நடுக்கடல்ல நிறுத்திகினு கீறியே பாயி. கரைக்குக் கொண்டாந்து உடு."

பிரசங்கம் செய்தேன். கதை வேறு, கடல் வேறு. காற்றுக்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம். அச்சாபீஸ்காரனுக்கு உன் புருஷனைத் தெரியுமா. எல்லாம் பொறுமையாகக் கேட்டார்கள். ஒருத்தியும் எதிர்த்துப் பேசவில்லை. பேசி முடித்ததும் எல்லம்மா அதையே மறுபடி சொன்னாள், அதே குரலில்.

"கரைக்குக் கொண்டாந்து உடு."

வேறு ஆள் படித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். என் வாயிலிருந்து போன பெயர். பயமாக இருக்கிறது.

இருட்டும்வரை அங்கேயே நின்றார்கள். கருவாட்டைப் புரட்ட யாரும் போகவில்லை. நாய்கள்கூட அதன் பக்கம் போகவில்லை.

அட்டைப் படத்தைப் பார்த்தேன். முதுகுதான். ஆனால் தலை இப்படித் திரும்பியிருந்ததா? நேற்று நேராக இருந்ததாக ஞாபகம். ஈரத்தில் காகிதம் வளைந்திருக்கும். அதுதான்.

வெள்ளி, 26

ஜும்ஆ தொழுகைக்குக் கடப்பாக்கம். இமாமின் பயான் உரையில் ஒரு வார்த்தை மனதில் நிற்கவில்லை. கையேந்தி துஆ கேட்டபோது மட்டும் அந்தப் பெயரைச் சொன்னேன். சொன்ன பிறகு, சொல்லலாமா என்று சந்தேகம்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே கணக்கு. அச்சில் இருப்பதைப் படித்தால், பெண்டாட்டி பிள்ளை முன்னால் அந்த மனிதனைச் சாகடிக்க வேண்டும். மாற்றிப் படித்தால் பச்சையம்மாவுக்குத் தெரிந்துவிடும். அவள் பக்கத்தில் நிற்காமல் படிக்கலாம் என்றால், அவளை எப்படி விலக்குவேன்? எழுத்து பொய் சொல்லாது என்று ஜூனிலிருந்து அவள் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னவன் நான்.

பள்ளிக்குத் திரும்பியபோது வகுப்பறை நிறையப் பெண்கள். பிள்ளைகள் சுவரோரம். காற்று நின்றுவிட்டது. அலைச் சத்தமே கேட்கவில்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அது கேட்காத வேளை இருந்ததில்லை. தண்ணீர் அங்கேதான் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இருந்தது.

பச்சையம்மா தானாக வந்து பக்கத்தில் நின்றாள். படித்தேன். அலை. காற்று. பலகை. கடைசிப் பக்கம்.

கண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாயை வேறு வழியில் விட்டேன். "ஏழுமலை பலகையைப் பிடித்தான். அலை அவனைத் தூக்கிக்கொண்டு வந்தது. காலில் மணல் தட்டியது. ஏழுமலை எழுந்து நடந்தான். நடந்து வீட்டுக்கு வந்தான்."

விரல் 'மூழ்கினான்' என்ற சொல்லில் நின்றிருந்தது.

எல்லம்மாவுக்கு எழுத்து தெரியாது. விரல் நின்றது தெரியும். "இன்னாடி? அப்படியா போட்டுகீது?"

பச்சையம்மா என்னைப் பார்த்தாள். பக்கத்தைப் பார்த்தாள்.

"ஆமாம்மா. அப்படித்தான் போட்டுகீது." விரல் வரியின் கடைசிவரை நகர்ந்தது.

பெண்கள் எழுந்து போனார்கள். நான் பள்ளிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அவளுக்கு நான் கற்றுக்கொடுத்த ஒன்றே ஒன்றையும் நானே பறித்துவிட்டேன்.

சனி, 27

விடுமுறை. தெளிந்த வானம்.

காலையில் கூச்சல். ஏழுமலை வந்துவிட்டான். தெற்கிலிருந்து கரையோடு நடந்தே வந்தானாம். உதடு வெடித்து, தோலெல்லாம் வெளுத்து. நானும் ஓடினேன், மணலில் விழுந்து எழுந்து. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

"எப்படிப்பா?" என்று யாரோ.

"என் பேரு காதுல வுழுந்துகினே இருந்திச்சி."

"யாரு கூப்ட்டது?"

"கூப்புடல. படிச்சாங்க. நிறுத்தி நிறுத்தி, இஸ்கோல்ல படிக்கிற மாதிரி. அந்தத் தெசையப் பாத்துக் கை போட்டேன்."

எல்லம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவன் கையை விட்டுவிட்டேன்.

"கூட்டாளி?"

"மரம் பிரிஞ்சிச்சி. நான் இந்தாண்ட, அவன் அந்தாண்ட. அவன் காதுல ஒண்ணுமே வுழுலன்னான். எங்கடா கேக்குது, எங்கடா கேக்குதுன்னு கத்திகினே இருந்தான்."

அப்போதுதான் உறைத்தது. புத்தகத்தில் பலகை கூட்டாளிக்கு. நான் அதைப் பிடுங்கி ஏழுமலைக்குக் கொடுத்தேன். கூட்டாளி என்ன ஆனான் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்று விடவில்லை. நினைவே வரவில்லை.

ஞாயிறு, 28

கட்டுமரங்கள் தேடிப் போய்த் திரும்பின. ஒன்றும் இல்லை.

பெட்டி கட்டினேன். வைத்துக்கொண்டவை: முயல், ரயில், எறும்பு, பூசணிக்காய் ராஜா. கடல் புத்தகத்தை அட்டையைப் பார்க்காமல் அடியில் போட்டு, மேலே நல்ல பழக்கங்களை அடுக்கினேன். அபிப்பிராயம் எழுதும் இடத்தில்: 'இப்பள்ளிக்கு ஏற்றதல்ல.' காரணம் கேட்டால் என்ன சொல்வது? பிறகு யோசிக்கலாம்.

நூர்ஜஹான் கூட்டாளியின் வீட்டுக்குப் போய்வந்தாள். ஆவணியில்தான் கல்யாணம் ஆனதாம்.

"அந்தப் பொண்ணு அழுதாளா?"

"அழல. பள்ளிக்கூடத்தையே பாத்துகினு குந்திகினு கீது." தேநீரை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஆறிப்போயிற்று.

திங்கள், 29

புழுக்கம். காலையிலேயே வண்டிக்காரன் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனான். தலைச்சுமை இறங்கியது போல் இருந்தது. மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல். கடன் வாங்கிக் கழிப்பது ஒருவருக்கும் ஏறவில்லை.

மத்தியானம் வாசலில் நிழல். கூட்டாளியின் மனைவி. சின்னப் பெண். பச்சையம்மாவைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். வெள்ளிக்கிழமையும் வந்திருக்கிறாள், தூணோரம் உட்கார்ந்து கடைசிவரை கேட்டிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரர நீ சொல்லவே இல்லியே பாயி. எப்ப சொல்லுவ எப்ப சொல்லுவன்னு பாத்துகினே இருந்தேன்."

புத்தகம் போய்விட்டது என்றேன். பெட்டி போய்விட்டது, கருங்குழிக்கு, காலையிலேயே.

"எந்தப் புக்கா இருந்தா இன்னா. நீ படி. நீ படிச்சா கேக்குது."

மேஜைமேல் கணக்குப் புத்தகம்தான் இருந்தது. எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது. பச்சையம்மா எழுந்து வந்தாள். நான் கூப்பிடவில்லை. பக்கத்தில் நின்று, ஒரு கழித்தல் கணக்கின்மேல் விரலை வைத்தாள்.

பெயர் வேண்டும். அவர்களுக்குப் பள்ளியில் பிள்ளை இல்லை. பதிவேட்டில் இருக்காது. வகுப்பைப் பார்த்தேன். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"பேர் என்னம்மா?"

கேட்ட பிறகுதான் நினைத்தேன். புருஷன் பெயரை எந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்? இவள் எப்படிச் சொல்வாள்?

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கடல் பக்கம் திரும்பினாள். கத்திச் சொன்னாள்.

"தனகோடி."

படிக்க ஆரம்பித்தேன்.