அளவு ஜாக்கெட்

சிங்கப்பூர்
9.7.1987

அன்புள்ள குருவம்மாளுக்கு,

நான் சுகம். உன் இடுப்புவலி தேவலையா? ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா?

போன வாரம் எங்கள் தையல்கடைக்கு ஒரு காலேஜ் பெண் வந்தாள். டிவியில் போட்டு விளையாடும் விளையாட்டில் வாளோடு ஓடுகிற ஒருத்தியின் படத்தைக் காட்டி, அவளைப் போல வேஷம் போட உடுப்பு கேட்டாள். நம்மூரில் பெண்களைத் தொட்டு அளப்பதில்லையே, அந்த நினைப்பில், படத்தில் இருந்தவளைக் காட்டி, "இந்தம்மாவோட அளவு ஜாக்கெட் ஒண்ணு கொண்டாங்க" என்றேன்.

சுரண்டைக்கார முதலாளி, "ஏலே கடற்கரை, அப்படி ஒரு பொம்பளையே கிடையாதுலே" என்று சிரிக்கிறார்.

கூச்சத்தோடு அந்தப் பெண்ணையே அளந்தேன். டேப்பை வைத்த இடமெல்லாம், "அவளுக்குத் தோள் இன்னும் அகலம்" என்கிறாள். இருப்பவளுக்குத் தைப்பதா, இல்லாதவளுக்கா? இன்றுவரை குழப்பம்தான். எப்படியோ தைத்தேன். போட்டுப் பார்த்துத் துள்ளினாள்.

மிச்ச நீலத்துணியை விட்டுப் போனாள். உனக்கு வெட்டலாமென்று உட்கார்ந்தேன். உன் அளவு எனக்கு மனப்பாடம் என்றிருந்தேன். கத்தரியை எடுத்தால் தோள் எவ்வளவென்று தெரியவில்லை.

முதலாளியின் மச்சினர் ஆவணியில் இங்கே வருகிறார். அவரிடம் உன் ஜாக்கெட் ஒன்று கொடுத்தனுப்பு. கடை திறக்க நேரமாயிற்று, முடிக்கிறேன்.

கடற்கரை

ஜாக்கெட்டைத் துவைக்க வேண்டாம்.