வியர்வைப் பட்டி

கிண்ணியா
15.03.2025

அன்பின் இக்ராம் மச்சானுக்கு, ஸலாம்.

அன்று நான் சொல்லாதது இதுதான்: "மச்சான், வெளியே வாங்க."

உங்கள் போனில் எழுதினால் என் ராத்தா பார்ப்பா; புருஷனின் போனை அவ பார்க்காத நாளில்லை. அதனால் உம்மா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் கஞ்சிப் பையில் இதை வைக்கிறேன்.

துறைமுகத்து எண்ணெய்த் தாங்கியைக் கழுவ, உடம்பை மூடிய உடுப்போடு உள்ளே இறங்குகிறவர்களின் மார்பில் வியர்வைப் பட்டி ஒட்டி, உடம்பில் நீர் குறைகிறதா என்று வெளியே நின்று போனில் பார்ப்பதுதான் என் வேலை. பச்சை என்றால் உடம்பில் தண்ணீர் போதும், மஞ்சள் என்றால் குறைகிறது, சிவப்பு வந்தால் ஆளை வெளியே கூப்பிட வேண்டும். முதல் நாள் எல்லாருக்கும் மஞ்சள். "மச்சானுக்கு மட்டும் பச்சை" என்று கெட்டிக்காரி போலச் சத்தமாகச் சொன்னேன். நோன்பு மாதத்தில் பச்சைக்கு என்ன அர்த்தம் என்பது சொன்ன பிறகுதான் விளங்கியது.

"இக்ராமுக்கு வேர்வைக்குப் பதிலா மக்கத்து ஸம்ஸம் தண்ணி ஊறுது போல" என்று உங்களோடு இறங்கும் ஆதம்பாவா சிரித்தார். கங்காணியாக வாப்பாவும் அங்கேதான் நின்றார். நீங்கள் மாமனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மறுநாள் உங்களுக்கும் மஞ்சள் வந்தது. வாப்பா எட்டிப் பார்த்து, முகம் தெளிந்து, "இப்ப சரி" என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. பிறகு சிவப்பு வந்தது. வாப்பாவின் முகம் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். நீங்கள் விழுந்த சத்தம் கேட்டது.

ஷிஃபானா

ஆஸ்பத்திரி, திருகோணமலை
17.03.2025

ஷிஃபானா,

கஞ்சி நல்லம்; உப்புத்தான் கூட.

கிட்னியில் கல் இருக்கு, பகலில் தண்ணி குடிக்கத்தான் வேணும் என்று டொக்டர் முன்பே சொன்னவர். அல்லாஹ்வுக்கு ஒளிக்கவில்லை; மாமாவுக்குத்தான் ஒளித்தனான். நீ பச்சை என்று சொன்னதில் எனக்குக் கோபமில்லை.

மாமா இங்கே வந்து, மெஷின்தான் பிழை, தன் மகளில் பிழையில்லை என்று எல்லாரிடமும் சொல்கிறார். நானும் ஓம் என்று தலையாட்டினேன். இனி அந்த மெஷினை ஒருவரும் நம்பமாட்டார்கள். நாளைக்கு இன்னொருத்தன் தாங்கிக்குள் விழுந்து கிடப்பான்.

நீ உண்மையைச் சொல்லும்வரை எனக்குக் கஞ்சி அனுப்ப வேண்டாம்.

இக்ராம்

கிண்ணியா
20.03.2025

மச்சான்,

இந்தக் கஞ்சியில் உப்புக் குறைவு.

வாப்பாவிடம் சொன்னேன்: "மெஷினில பிழையில்ல. சிவப்பைக் கண்டும் நான் கூப்பிடேல்ல. உங்கட முகத்துக்காகத்தான்." உங்கள் கல்லைப் பற்றிச் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

"என்ட முகம் அவ்வளவு பெரிசா?" என்று மட்டும் கேட்டார்.

அலுவலகத்திலும் சொன்னேன். வேலை போய்விட்டது. அது நியாயம்தான்.

இன்று வேலைக்குத் தந்த போனைத் திருப்பிக் கொடுக்கத் துறைமுகத்துக்குப் போனேன். உச்சி வெயிலில் வாப்பா தண்ணீர்க் கலனைத் தூக்கிவந்து தாங்கி வாசலில் வைத்தார். பிறகு எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்.

ஆதம்பாவா குடித்தார்.

ஷிஃபானா