மிளகு ஏணிகளில் பூசை

1965 மார்ச் 1, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்று சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாருக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தப் பெரும்பாறைக் கோவிலில் பூசைக்கு லத்தீனில் பதில் சொல்பவன் நான் ஒருவன்தான். பீடத்தில் சாமியார், கீழே நான். மற்றவர்கள் ஜெபமாலை உருட்டுவார்கள். சாமியாராகப் படிக்கப் போன குருமடத்திலிருந்து மூன்றாம் வருடம் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். காரணம் இன்றுவரை சொல்லவில்லை. அங்கிருந்து நான் கொண்டுவந்தது அந்த லத்தீன் ஒன்றுதான். வரும் ஞாயிறு முதல் அதுவும் இல்லை, பூசை தமிழிலாம். புதிதாக வந்திருக்கும் இன்னாசிச் சாமியார், எஸ்டேட் ஆட்களுக்குப் பதில்களைக் கற்றுக்கொடுக்க என்னையே கேட்டார். பள்ளிக்கூடத்து வேலையே சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மக்கள் மனம் வருந்துகிறார்கள், கோவிலுக்கு வரவே தயங்குகிறார்கள் என்று கடிதத்தில் எழுதினேன். பெயர் போடவில்லை.

மக்களை நான் கேட்கவில்லை.

மார்ச் 4

நான் மறுத்த வேலையைச் சாமியார் சின்னத்தாயியிடம் கொடுத்திருக்கிறார். அறுபது வயது, எழுத்து வாசனை கிடையாது. மிளகு பறிக்கிற இடத்தில்தான் பாடம். ஏணியடியில் நின்று அவள் சாமியார் பங்கைச் சொல்ல, ஏணி மேலிருந்து ஆண்கள் பதில் சொல்கிறார்கள். வகுப்பு ஜன்னல் வரை கேட்கிறது. நடுவில் ஒரு தடவை, "ஏலே மணியா, ஒனக்கு மட்டும் தனியாச் சொல்லணுமா? வாயில மிளகையா அடச்சு வச்சிருக்க?" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பிரம்பால் மேசையைத் தட்டினேன்.

மார்ச் 7, ஞாயிறு

பின்சுவரோரம் நின்றேன். வாய் திறக்கவில்லை.

வீட்டில் ஞானப்பூ சோறு போட்டுக்கொண்டே, "நல்லாருந்துச்சுங்க" என்றாள். அப்படியானால் இத்தனை வருடம் நான் சொன்னது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நீங்களும் சாமியாரும் என்னமோ பேசிக்கிறீங்க, நடுவுல நாம எதுக்குன்னு இருந்தேன்."

கட்டிய மனைவி. ஒரு நாளாவது என்னவென்று கேட்டிருக்கலாம். நானாவது சொல்லியிருக்கலாமோ?

மார்ச் 8

சளி. யாரோடும் பேச்சில்லை.

மார்ச் 22

பள்ளிக்கூடம் விட்டதும் சாமியார் வந்தார். அவர்மேல் யாரோ எழுதிப்போட்டிருக்கிறார்களாம். உயிர்ப்பு ஞாயிறான பாஸ்காத் திருநாள் முடிந்ததும் அவரை மாற்றிவிட்டு, பழைய முறைப்படி நடத்துகிற ஒருவரை அனுப்பக்கூடுமாம்.

"சனங்க வருத்தப்படுறாங்கன்னு எழுதியிருக்காம், வாத்தியாரே. நெசமாவா? நீங்க அவங்களோடயே இருக்கிறவரு, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

மார்ச் 30, செவ்வாய்

மணியன் ஏணியிலிருந்து விழுந்து மூன்று நாளாகிறது. இன்று பிற்பகல் அவனுக்குக் கடைசி எண்ணெயான அவஸ்தை பூசி, நன்மை அப்பம் கொடுக்கச் சாமியார் வந்தார். வழக்கம்போல மெழுகுவர்த்தி பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். இந்த எஸ்டேட் லயத்து வீடுகளில் எத்தனையோ பேருக்குப் பிடித்திருக்கிறேன். சாகிறவர் கண்மூடிக் கிடப்பார். அவருக்குப் பதிலாக நான் லத்தீனில் சொல்லுவேன்.

இன்று சாமியார் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சொல்லி முடிப்பதற்குள் மணியன் முந்திக்கொண்டான். "உம்மோடும் இருப்பாராக" – தெளிவாக. வாசலில் நின்ற கூட்டம் அதற்குப் பிறகுதான் சொன்னது. அவன் பெண்டாட்டி பிச்சையம்மாள் அழுகையோடு அழுகையாகச் சொன்னாள்: "கோயில்ல ஒரு நா இந்த ஆளு வாயத் தொறந்ததில்ல. இன்னைக்குப் பாருங்க, என்னா வெரசு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மணியனும். சாகக் கிடப்பவன் வீட்டில் இப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

அடுத்த பதிலை நானும் சொன்னேன். அவர்களோடு, தமிழில்.

நன்மை வாங்கும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தக் கடிதம் எழுதியதிலிருந்து நான் நன்மை வாங்கப் போகவில்லை.

ஏப்ரல் 1

மணியனை அடக்கம் செய்தோம்.

ஏப்ரல் 10, சனி

பஸ் பிடித்து வத்தலக்குண்டுக்குப் போய், முகம் தெரியாத ஒரு சாமியாரிடம் கடிதப் பொய்யைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். இங்கே இன்னாசிச் சாமியாரிடமே போக என்னால் ஆகாது. எழுதிய பொய்யை எழுதித்தான் திருத்த வேண்டும் என்றார். திரும்பும் பஸ்ஸில் இடமில்லை. மலை ஏறும்வரை நின்றுகொண்டே வந்தேன். கால் கடுக்கிறது.

ஏப்ரல் 11, குருத்து ஞாயிறு

நன்மை வாங்கினேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஞானப்பூவும் வந்து முழங்காலிட்டாள்.

வரும் வழியில், "லத்தீன்ல நீங்க சொன்னதுக்கும் அர்த்தம் இதேதானா?" என்று கேட்டாள். இதேதான் என்றேன்.

"அப்ப இத்தன வருசமும் நீங்க நல்லதாத்தான் சொல்லிக்கிட்டிருந்திருக்கீங்க."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீடு வரும்வரை ஒவ்வொரு வரியாகக் கேட்டாள். நான் லத்தீனில் சொன்னேன், அவள் தமிழில் சொன்னாள்.

ஏப்ரல் 12

மேற்றிராணியாருக்கு இன்னொரு கடிதம். மக்கள் வருந்துவதாகத் தங்களுக்கு வந்த செய்தி பொய், அவர்களைக் கேட்காமலே எழுதப்பட்டது, இன்னாசிச் சாமியார் இங்கேயே இருக்கட்டும் என்று எழுதினேன். குருமடத்தைப் பற்றியும் இரண்டு வரி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அந்தக் கோபம் போகவில்லை. அது வேறு கணக்கு.

பெயர் போட்டால் விஷயம் சாமியாருக்குப் போகும். கோபப்படாமல் வீடு தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார். அதைத் தாங்கும் தெம்பு எனக்கில்லை. எழுத்தைப் பார்த்து, முன் கடிதமும் இதே கைதான் என்று அங்கே யாராவது அடையாளம் கண்டால் கண்டுகொள்ளட்டும். பெயரில்லாமலே நாளை வெள்ளனே போய்த் தபாலில் போட்டுவிடுகிறேன்.