சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டை

அம்மா,

உன் இரண்டு கைகளுக்கும் முத்தம். முழங்கால் வலி குறைந்ததா? நம் ஊர் ராடோமில் பனி இறங்கிவிட்டதா? நான் நலம். போர்ச்சுக்கலில் ஆலிவ் பறிப்பு முடிந்து, ஸ்பெயினில் தக்காளி வேலைக்கு, நான் படுத்துறங்கும் கேம்பர் வேனோடு வந்துவிட்டேன்.

நேற்று ஒரு வேடிக்கை. கடற்கரையில் நான் வண்டி நிறுத்தும் இடம் ஒரு பக்கமாகச் சரிவு. படுத்தால் உருண்டுபோய்ச் சுவரில் முட்டுகிறேன் என்று பள்ளத்துச் சக்கரங்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்தேன். காலையில் போலீஸ்காரர் கதவைத் தட்டினார்.

“சக்கரம் தரையில இருந்தா வண்டி நிக்குதுன்னு விட்டுருவேன். கட்டை மேல ஏத்துனா நீ குடியிருக்கேன்னு அர்த்தம். இங்க குடியிருக்கக் கூடாதும்மா.”

“எதிர்ல தெரு முழுக்க வீடு பூட்டிக் கெடக்கே சார், அங்க யாரு குடியிருக்கா?”

“கோடைக்கு வருவாங்க.”

“தக்காளி கோடை வரைக்கும் காத்திருக்குமா?”

சிரித்துவிட்டார். “வாய் மட்டும் நல்லா இருக்கு. கட்டைய எடு. மறுபடி பாத்தா வண்டிய இழுத்துட்டுப் போயிருவாங்க.”

வண்டி போனால் வீடும் போச்சு, வேலையும் போச்சு. எடுத்துவிட்டேன். கேம்பர் வேன்களுக்கான மைதானத்தையும் சீசன் முடிந்ததும் பூட்டிவிட்டார்கள். ஆளில்லாத வீடுகளுக்குக் காவல் இருக்கிறது. உழைக்கிறவளுக்குப் படுக்கச் சமதரை இல்லை. இதற்குப் பெயர் சட்டமாம்.

கவலைப்படாதே. எனக்கு முகவரி ஏது? தக்காளிக் கொட்டகையின் முகவரியை உறையில் எழுதியிருக்கிறேன். சின்ன வயதில் நான் உருண்டு விழாமல் பக்கத்தில் வைப்பாயே, அந்த நீளத் தலையணையை அனுப்பு. வேலைக்கு நேரமாகிவிட்டது. தலையணை உறையைத் துவைக்காமலே அனுப்பு, அம்மா.

போக்னா